பெண் வீட்டுப் பூர்வீகம்

எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தால் முதலில் நடப்பது ஜாதகம் பார்ப்பதல்ல, விசாரிப்பு. அதற்கென்று தனி இலாகாவே இருந்தது. அதன் தலைவர், உறுப்பினர், ஒற்றர் எல்லாம் என் பெரியம்மா ஒருவர்தான். அம்மாவை அப்பாவுக்குக் கொடுப்பதற்கு முன் பெரியம்மா அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி அப்பாவின் ஊருக்குப் போய், டீக்கடையில் விசாரித்து, ரேஷன் கடையில் விசாரித்து, அப்பா படித்த பள்ளிக்கூடத்து வாட்ச்மேனையும் விசாரித்த பிறகுதான் சரி என்றாராம். அப்பாவுக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் ஹியூஸ்டனை ஒட்டிய கேட்டியில் எங்கள் வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் இரண்டாவது தோசை விழுவதற்குள் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்.

இந்த அதிகாரம் பெரியம்மாவுக்குச் சும்மா வரவில்லை. என் தாத்தா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். பணியில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். பாட்டியும் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. கருணை அடிப்படையில் அந்த வேலை மூத்த மகளுக்குக் கிடைத்தது. அம்மா அப்போது பாவாடை சட்டை, மாமா சிலேட்டுக்குச்சியைத் தின்றுகொண்டிருந்த வயது. பெரியம்மா அந்தச் சம்பளத்தில் தங்கையைக் கட்டிக்கொடுத்தார், தம்பியை இன்ஜினியராக்கினார். தம்பியை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவருடைய கல்யாண வயது எப்போதோ போயிருந்தது. இதை யாரும் அவர் முன்னால் பேச மாட்டார்கள். அவரும் பேசியதில்லை.

அப்படி வளர்த்த தம்பி, ஓர் அமெரிக்கப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னார். வாரக் கடைசிக் கிரிக்கெட்டில், இல்லாத ரன்னுக்கு ஓடி முழங்காலைத் திருப்பிக்கொண்டவர் மாமா. அதைச் சரிசெய்த ஃபிசியோதெரபிஸ்ட்தான் பெண். நொண்டிக்கொண்டு உள்ளே போனவர் நேராக நடந்து வெளியே வந்தார், கூடவே அந்தப் பெண்ணும் வந்தார். நான் அவரை அப்போதே அத்தை என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன். கல்யாணத்தில் என்னை வெள்ளை கவுன் போட்டுப் பூக்கூடையுடன் முன்னால் நடக்கவைப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்பது வயதில் வேறென்ன வேண்டும்?

அக்கா சரி என்றால்தான் கல்யாணம் என்று மாமா அத்தையிடம் முதலிலேயே சொல்லியிருந்தார். அக்கா சரி என்று சொல்லவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. அழுவார், பட்டினி கிடப்பார் என்று அம்மா பயந்துகொண்டிருந்தாள். பெரியம்மா ஆறு மாத விசிட்டர் விசாவில் ஹியூஸ்டன் வந்து இறங்கி, வீட்டுக்கு வருகிற வழியில் ஃப்ரீவேயிலேயே வேலையை ஆரம்பித்தார்.

"அந்தப் புள்ளைக்குப் பூர்வீகம் எது?"

"டெக்ஸஸ்தான்க்கா" என்றார் மாமா.

"அது இப்ப குடியிருக்கிற ஊரு. நான் பூர்வீகத்தக் கேட்டேன்."

மாமா கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தார். அப்பா, அனுபவப்பட்டவர், ஜன்னல் வழியாக மாட்டைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை நல்ல உயரம். பக்கத்தில் நின்றால் மாமாவின் தலை அவருடைய காது மட்டத்துக்குத்தான் வரும். பெரியம்மா அதைக் கவனித்தார். உயரம் அவருடைய கேள்வித்தாளில் இல்லை. அத்தை கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அவருடைய ஊர்ப்பக்கத்துப் பலகாரம், கொலாச்சி என்று பெயர். வட்டமான பன், நடுவில் ஒரு குழி, குழிக்குள் கறுப்பாக ஏதோ விழுது. பெரியம்மா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கசகசாடி!" என்றார் அம்மாவிடம். "இவுகளும் கசகசா அரைக்கிறவுகதான்."

கறுப்புக் கசகசாவை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் கேள்விகள் அதனால் குறையவில்லை. பெரியம்மா தமிழில் கேட்டார், மாமா ஆங்கிலத்தில் சொன்னார், அத்தை நீளமாகப் பதில் சொன்னார், அதை மாமா தமிழில் ஒரே வரியில் முடித்தார். அடுத்த கேள்விக்கும் அதேதான் நடந்தது. மறுபடியும் அப்படியே ஆனதும் பெரியம்மா கையை உயர்த்தினார்.

"அந்தப் புள்ள இம்புட்டுப் பேசுது, நீ இத்துனூண்டு சொல்ற. நடுவுல என்னத்தையோ அமுக்குற."

அம்மாவும் அப்பாவும் மாமா பக்கம் என்பது அவருக்குத் தெரியும். மிச்சம் இருந்தது நான்தான். ஐந்து வயதில் வந்தவள் என்பதால் எனக்கு இரண்டு பாஷையும் ஓடும். கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு பதவி எனக்கு வந்தது. நாற்காலியை இழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பூர்வீகம் எது என்றதற்கு அத்தை தன் போனை எடுத்து ஒரு வண்ண வட்டத்தைக் காட்டினார். கிறிஸ்துமஸ் பரிசாக வந்த டி.என்.ஏ. சோதனை டப்பாவில் எச்சிலைத் துப்பி அனுப்பினாராம். அதைச் சோதித்து, இத்தனை சதவீதம் செக், இத்தனை ஜெர்மன், கொஞ்சம் ஐரிஷ் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். நான் அப்படியே தமிழில் சொன்னேன். பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நான் ஊரக் கேட்டா இது எதுக்கு மார்க் சீட்டக் காட்டுது?"

ஊர் அத்தைக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரு கதை மட்டும்தான். ஐரோப்பாவிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் ஒரு கப்பலில் வந்து கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஒருவர் வடக்கே போய்விட்டார், ஒருவர் காணாமல் போனார், மூன்றாமவர் வழியில் வந்தவர்கள் நாங்கள் என்றார். என் ஆபீஸிலும் இரண்டு மூன்று பேர் இதே கதையைத்தான் சொல்கிறார்கள், எல்லார் வீட்டிலும் மூன்று பிரதர்ஸ்தான் என்று அப்பா நடுவில் ஒரு கருத்துச் சொன்னார். பெரியம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. காணாமல் போனவரைத் தேடினார்களா என்று கேட்டார். அத்தைக்குத் தெரியவில்லை. கூடப்பிறந்த பெண் பிள்ளைகள் யாரும் இல்லையா என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. பெரியம்மாவுக்குக் கோபம் வரவில்லை, திகைப்புத்தான் வந்தது. இவ்வளவு உயரமாக வளர்ந்து, படித்து, கார் ஓட்டி, நாலு பேர் முழங்காலைச் சரிசெய்கிற பெண்ணுக்குத் தன் சொந்த ஊர் தெரியாமல் இருக்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

குலசாமி பற்றிய கேள்வி இன்னும் சிக்கலாகப் போனது. நாங்கள் கத்தோலிக்கர்கள், அதாவது கொஞ்சம் கத்தோலிக்கர்கள் என்றார் அத்தை. அது மதம், நான் கேட்டது குலசாமி என்றார் பெரியம்மா. எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய முதல் பத்திரிகை குலசாமிக்குத்தான் போகும். மாப்பிள்ளை வீட்டுச் சாமிக்கு ஒன்று, பெண் வீட்டுச் சாமிக்கு ஒன்று. எங்கள் முன்னோர்கள் பஞ்சத்தில் பழைய ஊரை விட்டுக் கிளம்பியபோது குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை மடியில் கட்டிக்கொண்டு வந்து, அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் கோயில் எழுப்பினார்கள். பிடிமண் கோயில் என்றுதான் அதற்குப் பெயர். ஊரை விட்டு வந்தவர்கள் யாராக இருந்தாலும் எதையாவது மடியில் கட்டிக்கொண்டுதான் வந்திருப்பார்கள் என்பது பெரியம்மாவின் முடிவு. எதை, எங்கிருந்து என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி மெல்ல அத்தையையும் பிடித்துக்கொண்டது. அதுவரை அவரிடம் யாரும் இதையெல்லாம் கேட்டதில்லை. அடுத்த வாரங்களில் வேலை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். பழைய கப்பல்களில் வந்தவர்களின் பெயர்கள் வரிசையாக ஓடும். அத்தையின் குடும்பப் பெயரில் மட்டும் ஒரு ஊரே கப்பல் ஏறியிருந்தது. யார் யாருடைய ஆள் என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஓர் இடத்தில் ஆஸ்திரியா என்று இருந்தது, அத்தை செக் என்றார், அவருடைய அம்மாவோ மொராவியா என்று போனில் சொன்னார். நான் என் உலக உருண்டையைக் கொண்டுவந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மொராவியா அதில் இல்லவே இல்லை. ஒரு தேசம் எப்படி இல்லாமல் போகும் என்று எனக்குப் பெரிய ஆச்சரியம். பெரியம்மாவுக்கு அதில் ஒன்றும் ஆச்சரியம் இல்லை.

"ஜில்லா பேரு மாறியிருக்கும். நம்ம ஊருக்கே எத்தன தடவ மாத்திட்டாக. ஊரு அங்கனயேதான் கெடக்கும், தேடச் சொல்லு" என்றார்.

அத்தையின் அப்பாவைப் பெற்ற தாத்தா உயிரோடு இருப்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. ஐ-டென் நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில், பண்ணை வீட்டில் தனியாக இருந்தார். அவரிடம் ஏன் கேட்கவில்லை என்று பெரியம்மா கேட்டார். அவர் அதிகம் பேச மாட்டார் என்றார் அத்தை. பேசாதவர்களைப் பேசவைப்பது பெரியம்மாவுக்குக் கைவந்த கலை. அடுத்த சனிக்கிழமையே அப்பாவின் வேனில் எல்லாரும் கிளம்பினோம். பெரியம்மா மடியில் ஒரு துணிப்பை. அதில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள். பெண் வீட்டுச் சாமியை முதல்முதலாகப் பார்க்கப் போகிறோம், வெறுங்கையோடு போவதா?

தாத்தா தன் வீட்டில் எங்களை உட்காரவைக்கவில்லை, நேராகக் கோயிலுக்கே வரச் சொல்லியிருந்தார். சோளக் காடும் மாடும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், வெள்ளை மரச்சுவரோடு ஒரு சிறிய சர்ச். ஜீன்ஸும் தொப்பியுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெரியம்மா கும்பிட்டார். தாத்தா தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு பதிலுக்குக் கும்பிட்டார். யாரும் சொல்லித்தரவில்லை.

வெளியிலிருந்து பார்க்க அந்தச் சர்ச் சாதாரணமாகத்தான் இருந்தது. உள்ளே போனதும் பெரியம்மா அண்ணாந்து பார்த்தபடி நின்றார். மேற்கூரை முழுக்க நீலம், நீலத்தில் தங்க நட்சத்திரங்கள், தூணெல்லாம் கொடியும் பூவுமாக வர்ணம். மரத்தூணைப் பளிங்குத்தூண் போலத் தெரியும்படி யாரோ உட்கார்ந்து தீட்டியிருந்தார்கள். செருப்பை அவர் வாசலிலேயே விட்டிருந்தார். மெதுவாக முன்னால் போய்த் தேங்காயையும், பழத்திலும் வெற்றிலையிலும் கொஞ்சத்தையும் படியில் வைத்துவிட்டு வந்து என் காதில் சொன்னார்.

"இது பிடிமண் கோயிலான்னு கேளு."

அங்கிருந்து மண் கொண்டுவந்து கட்டியதா என்று தாத்தாவிடம் கேட்டேன். அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் அந்த ஊரில் எந்தப் புனிதர் பெயரில் கோயில் இருந்ததோ அதே பெயரைத்தான் இதற்கும் வைத்தார்கள், அங்கே எப்படி வர்ணம் இருந்ததோ அப்படியே ஞாபகத்திலிருந்து தீட்டினார்கள் என்றார். பெரியம்மா தலையை ஆட்டினார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. சாமி கிடைத்துவிட்டது. இனி ஊர் ஒன்றுதான் பாக்கி.

அந்த ஊரின் பெயர் என்ன என்று நானே கேட்டேன். தாத்தா வாயைக் கோணிக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்துக் கைவிட்டார். எனக்குச் சொல்ல வராது, கல்லில் எழுதியிருக்கிறது, வா காட்டுகிறேன் என்று பின்பக்கக் கதவைத் திறந்தார். சர்ச்சுக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கல்லறைகள்.

பெரியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நேராக வேனுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோயிலையும் சுடுகாட்டையும் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்திருக்கும் ஜனங்களை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. அதுவும் கல்யாணக் காரியமாக வந்த இடத்தில். அம்மாவையும் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்துக்கொண்டார். மாப்பிள்ளையாகப் போகிற மாமா அந்தப் பக்கம் திரும்பவே கூடாது என்று உத்தரவு. மாமா சர்ச் சுவரோரமாக நின்றார். அப்பாவைத் தடுக்கவில்லை, ஆனால் அப்பா கொண்டுவரும் தகவலை அவர் நம்பப் போவதும் இல்லை. இதற்கிடையில் அத்தை ஒரு கையைத் தாத்தாவுக்கும் ஒரு கையை எனக்கும் கொடுத்து, பூங்காவுக்குள் போவது போல உள்ளே கூட்டிப் போய்விட்டார். வேன் கண்ணாடி இறங்கியது.

"ஏ புள்ள! அங்கிட்டுப் போகாத! வாடி இங்க!"

நான் நின்றேன். என் இரண்டு காலும் ஏற்கெனவே உள்ளே இருந்தன. பெரியம்மா அதைப் பார்த்து நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவருக்குள் இருந்த விசாரணை அதிகாரி விழித்துக்கொண்டார்.

"போனதுதான் போன. ஒழுங்காக் கேட்டுட்டு வா. வீட்டுக்குப் போனதும் தலைக்கு ஊத்திக்கணும்."

அன்றைக்குக் கல்லறைக்கும் வேன் கண்ணாடிக்கும் நடுவில் நான் ஓடிய ஓட்டம் மாமாவின் கிரிக்கெட்டைவிட மேலானது. தாத்தா ஒரு மூலையில் மூன்று பழைய கற்களுக்கு முன்னால் நின்றார். எழுத்துக்கள் மேலே கொக்கி கொக்கியாக இருந்தன, ஒன்றும் படிக்க முடியவில்லை. முதல் கல் தாத்தாவின் தாத்தா, பக்கத்தில் அவருடைய மனைவி, அதற்கும் பக்கத்தில் இன்னொரு பெண்மணி. கடைசி வரிதான் பிறந்த ஊர் என்று தாத்தா காட்டினார். அம்மாவின் போனில் படம் பிடித்துக்கொண்டேன். பிறகு ஓடிப்போய், தாத்தாவின் தாத்தா இருக்கிறார், அவர் மனைவி இருக்கிறார், இன்னொரு அம்மாவும் கூடவே இருக்கிறார் என்று தகவல் சொன்னேன். ஊர் பெயர் இருந்த படத்தை நீட்டுவதற்குள் பெரியம்மா குறுக்கிட்டார்.

"இன்னொரு அம்மாவா? ரெண்டாந் தாரமா?"

அம்மா "அக்கா" என்று அவர் கையைப் பிடித்தாள். பெரியம்மா அதை உதறினார். "இதுக்குத்தான் விசாரிக்கணுங்கிறது. போய்க் கேளு."

கூட்டாமல் குறைக்காமல் என்பதுதான் நிபந்தனை. நான் திரும்ப ஓடி, மூச்சு வாங்க, அந்த அம்மா உங்கள் தாத்தாவின் இரண்டாவது மனைவியா என்று கேட்டேன். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தாத்தா கோபிக்கவில்லை. முதல் தடவையாகச் சிரித்தார். அவர் சிரித்து அத்தையே பார்த்ததில்லையாம்.

மனைவி இல்லை, அக்கா என்றார். அதன்பிறகு, பேச மாட்டார் என்று சொல்லப்பட்ட மனிதர் பேச ஆரம்பித்தார். மூன்று அண்ணன் தம்பிகள் என்று யாரும் வரவில்லை. தகப்பன் ஊரிலேயே இறந்துபோக, ஒரு தாய் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினாள். கடலிலேயே தாய் காய்ச்சலில் போய்விட்டாள். கால்வெஸ்டனில் இறங்கியது ஒரு பெண்ணும் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பையனும்தான். அந்தப் பெண் பருத்தி பொறுக்கினாள், யார் யார் வீட்டிலோ துவைத்தாள், தம்பியை ஆளாக்கினாள், கட்டிவைத்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று அண்ணன் தம்பிகள் எங்கிருந்து வந்தார்கள் என்று அத்தை கேட்டார். தெரியவில்லை, கேட்பதற்கு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள், என்னிடம்தான் யாரும் கேட்கவே இல்லையே என்றார் தாத்தா. அத்தை குனிந்து அந்தக் கல்லில் இருந்த பெயரை விரலால் தடவினார். அது அவருடைய நடுப்பெயர். யாருடைய பெயர் என்று தெரியாமலேயே இத்தனை வருடமும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் ஓடிவந்து இதையும் வரிசை மாறாமல் சொன்னேன். அம்மா அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வேனின் தரையைப் பார்த்தாள். பெரியம்மா மெதுவாகக் கேட்டார்.

"தம்பிக்குக் கல்யாணமானதுக்கப்புறம் அந்த அக்கா எங்க இருந்தாகன்னு கேளு."

ஓடினேன். அதே வீட்டில்தான், கடைசிவரைக்கும், முன்னறை அவருடையது என்றார் தாத்தா. சொன்னேன்.

"தம்பி பொண்டாட்டி அவுகள எப்படிப் பாத்துக்கிட்டாளாம்?"

எனக்குக் கால் வலிக்க ஆரம்பித்திருந்தது. ஊரைத் தவிர மற்றதையெல்லாம் கேட்கிறாரே என்று எரிச்சலாகவும் இருந்தது. இருந்தாலும் ஓடினேன். தாத்தா தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னார். இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. கொலாச்சிக்குக் கசகசா எவ்வளவு போடுவது என்பதில் ஆரம்பிக்கும், கோழிக்கூண்டு வரைக்கும் போகும். நான் சின்னப் பையன், மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த அக்கா இறந்தபிறகு பாட்டி அவருடைய ஏப்ரனைத்தான் கட்டிக்கொண்டு சமைத்தாள். சாகும்போது, தன்னை இரண்டு பேருக்கும் நடுவில் புதைக்கச் சொன்னாள். நாத்தனாரோடு பேச வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்றாளாம். அதனால்தான் கற்கள் இப்படி இருக்கின்றன என்று கையால் காட்டினார்.

இதையும் வந்து சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வேன் கதவு திறந்தது.

பெரியம்மா இறங்கினார். செருப்பைக் கழற்றி வேனுக்குள்ளேயே விட்டுவிட்டு, துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, வேலியைத் தாண்டி உள்ளே நடந்தார். அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் நின்ற மாமா பின்னாலேயே வந்தார், அவரைத் திரும்பிப் போகச் சொல்லவும் பெரியம்மாவுக்குத் தோன்றவில்லை. புல்லில் கொள்ளி எறும்பு இருக்கிறது, வெறுங்காலோடு வராதீர்கள் என்று தாத்தா ஆங்கிலத்தில் எச்சரித்தார். நான் மொழிபெயர்த்தேன். பெரியம்மா காதில் அது விழவில்லை.

மூன்றாவது கல்லுக்கு முன்னால் நின்று, பையில் மிச்சமிருந்த பழத்தையும் வெற்றிலை பாக்கையும் மஞ்சளையும் வைத்தார். குனிந்து, கல்லில் ஒட்டியிருந்த காய்ந்த புல்லைத் தள்ளிவிட்டார். பிறகு அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு உயரத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"நீயும் நானும் சண்ட போட்டுக்குவமா?"

நான் வாயைத் திறந்தேன். "நீ சொல்ல வேணாம்" என்றார் பெரியம்மா.

பதவியேற்ற பிறகு என்னை அவர் தடுத்தது அந்த ஒரு தடவைதான். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "யெஸ், மேம்" என்றார். அந்தப் பக்கத்தில் பெரியவர்கள் எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மாமா வேலிப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

நான் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, பெரியம்மா அத்தைய ஃபைட்டுக்குக் கூப்பிடுறாங்க. அவங்களும் யெஸ் சொல்லிட்டாங்க." அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கல்யாணம் நின்றுவிட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வெள்ளை கவுனை நினைத்து எனக்கும் அழுகை வந்தது. சண்டை போடுவதாக அன்றைக்குக் கொடுத்த வாக்கைப் பெரியம்மாவும் அத்தையும் இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள். விசா இருக்கும் மாதங்களில் மாமா வீட்டுச் சமையலறையில், மற்ற மாதங்களில் வீடியோ காலில்.

திரும்பி வரும் வழியில் பெரியம்மாவின் இரண்டு பாதமும் எறும்புக் கடியில் வீங்கியிருந்தது. அத்தை அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வழியில் வாங்கிய ஐஸை ஒற்றிக்கொண்டே வந்தார். நான் பின்சீட்டில் போனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். ஊர் பெயர் என்னிடம் இருந்தது. இத்தனை வாரமாக இரண்டு கண்டத்தைப் புரட்டிப்போட்டுத் தேடியதைக் கண்டுபிடித்தவள் நான். இப்போது கேட்பார், அடுத்த எக்ஸிட்டில் கேட்பார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கறுப்புக் கசகசாவுக்கும் வெள்ளைக் கசகசாவுக்கும் அரைப்பதில் வித்தியாசம் உண்டா என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

வீடு வந்ததும் நான் பெரியம்மா சொன்னபடி தோட்டத்துக் குழாயடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள நின்றேன். பெரியம்மா குளிக்காமல், நொண்டிக்கொண்டே நேராக வீட்டுக்குள் போய்விட்டார். நான் சொட்டச் சொட்டப் பின்னால் போனேன். அவர் சோபாவில் உட்கார்ந்து அம்மாவிடம் நல்ல நாள் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, அந்த ஊரு பேரு?" என்று போனை நீட்டினேன்.

"எந்த ஊரு?" என்றார் அவர். போனை வாங்கக்கூட இல்லை. "போய்த் தலையத் தொவட்டு, சளி பிடிக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மார்க் சீட்டு வேண்டாம், ஊரைச் சொல் என்று அத்தையை அந்தப் பாடு படுத்தியவர், கேட்டதற்குப் பதிலே வாங்காமல் எப்படிக் கல்யாணத்துக்குச் சரி சொன்னார் என்பது எனக்கு வெகுகாலம் வரைக்கும் விளங்கவே இல்லை.